பனைமேல் முளைத்தது யாது? – ஓர் ஆராய்ச்சி

பனையின் உச்சியில் முளைத்து நிற்கும் செடி ஆலா, அரசா, இச்சியா என்னும் வினா, ஊர்ச் சாவடிகளில் தலைமுறை தலைமுறையாக வாதிக்கப்பட்டு வந்தும், இதுகாறும் சாஸ்திரோக்தமாக நிர்ணயிக்கப்படாமலே கிடப்பது அறிவுலகத்துக்குப் பெருங்குறை என்று கருதியே இவ்வாராய்ச்சியை மேற்கொண்டோம்.

பிரமாணங்களுள் முதலாவதாகிய பிரத்தியட்சம் இங்கே பயன்படாது; செடி நிற்பது அறுபதடி உயரத்தில், கழிக்கப்படாத மட்டைகளின் இடுக்கில்; ஆராய்ச்சியாளர் நிற்பதோ தரையில், கழுத்து வலியுடன். எனவே உதிர்ந்த இலையைக் கொண்டு அனுமானிக்க வேண்டியதாகிறது. நுனி மெலிந்து நீண்டிருப்பின் அரசு. தடித்து, நுனி மழுங்கியிருப்பின் ஆல். கிள்ளினால் பால் வருகிறது, ஆகவே ஆல்தான் என்று சாவடிப் பெரியோர் சாதிக்கும் லட்சணம் அதிவியாப்தி தோஷமுடையது. பால் அரசுக்கும் உண்டு, அத்திக்கும் உண்டு, கள்ளிக்கும் உண்டு.

பழம் தின்ற காக்கையோ மைனாவோ மட்டையிடுக்கில் எச்சமிட, அங்கே படிந்த தூசியும் மழையீரமும் போதுமென்று விதை முளைத்துவிடுகிறது. இதனைப் புல்லுருவி என்று தூற்றுவது அபாண்டம். புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சுவது. ஆலோ இடத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது, வாடகையின்றி. அதன் வேர்கள் இறங்கிச் சுற்றி நெரித்தால், பட்டைக்கடியில் ஆண்டுதோறும் பருக்கும் மரங்கள் மடிந்துபோகும். அவ்வாறு பருக்கும் அடுக்கு பனைக்கு இல்லாமையால், அது ஆலின் நடுவே நெடுங்காலம் தலையை நீட்டி நின்று, வெயில் மறைக்கப்பட்ட பிறகே நலிகிறது.

கல்கத்தாவை அடுத்த சிப்பூர்த் தாவரத் தோட்டத்துப் பேராலமரமும் இத்தகைய குடியேற்றமே. 1782-இல் அவ்விடத்தில் ஓர் ஈச்சமரம் இருந்ததென்றும், அதன் கொண்டையிலிருந்து ஆல் முளைத்ததென்றும், அடியில் ஒரு பக்கிரி வீற்றிருந்தாரென்றும் ஜோசப் ஹூக்கர் தாம் கேள்வியுற்றதை எழுதிவைத்தார். ஈச்சமரம் போயிற்று, ஆலின் மூல அடிமரமும் நோயுற்று 1925-இல் அகற்றப்பட்டது, விழுதுகள் இன்றும் ஏக்கர்க்கணக்கில் நிற்கின்றன. பக்கிரியின் கதி குறித்து யாரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

பிரமாணங்களுள் எஞ்சியது, நம்பத்தக்கோர் சொல்லாகிய ஆப்தவாக்கியம்; இவ்விஷயத்தில் ஆப்தர் பனையேறியே. பாளை சீவவும் மட்டை கழிக்கவும் ஆள் ஏறும் பனையில், எவ்விதச் செடியாயினும் இரண்டிலை விடும்போதே அரிவாளுக்கு இரையாகிவிடும். வினவியபோது அவர் நாம் நீட்டிய இலையைத் திரும்பியும் பாராமல், "ஆலோ அரசோ, அது ஆள் ஏறாத மரமுங்க" என்றார். சாவடியின் வாதம் முழுவதிலும் மரத்தைப் பற்றி எழுந்த பேச்சு அஃதொன்றே.

இன்னும் ஐயமுடையோர் அவரையே ஏற்றி, செடியை வேரோடு இறக்கச் செய்து பார்த்துத் தெளிக. கூலியை முன்னதாகப் பேசிக்கொள்வது உத்தமம்.