காக்கா பறந்தது, கால் மிச்சம்

சிறுபத்திரிகை ஒன்றில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. அதற்குப் பதவிப் பெயர் கிடையாது. சம்பளமும் அநேகமாகக் கிடையாது. வருகிற கோப்புகளில் உள்ள வேண்டாத எழுத்துகளை எடுப்பதுதான் அந்த வேலை. படைப்பையே வேண்டாத எழுத்து என்கிறேனோ என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அதைத் தீர்மானிப்பது ஆசிரியரின் இலாகா. என் இலாகாவில் இருப்பவை கண்ணுக்கே தெரியாத எழுத்துகள்.

"கண்ணுக்குத் தெரியலைன்னா இருந்துட்டுப் போகட்டுமே, உனக்கென்ன?" என்று ஆசிரியர் ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதில் ஊர்ப்பெயர்ப் பட்டியல் ஒன்றில் கிடைத்தது. பெயர்களை வரிசைப்படுத்து, இரட்டித்து வந்ததை ஒன்றாக்கு என்று டெர்மினலில் கட்டளை கொடுத்தால், அடுத்தடுத்த வரிகளில் மதுரை, மதுரை என்று வந்து நின்றது. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்த்தாலும் வித்தியாசம் இல்லை.

"சங்கம் வச்ச மதுரை ஒண்ணு. இன்னொண்ணு எதுப்பா?"

"சங்கடம் வச்ச மதுரை சார்."

இரண்டாவது மதுரையின் வாலில் 'கேரியேஜ் ரிட்டர்ன்' என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. டெலிபிரின்டர் காலத்தில் வரி முடிந்ததும் இரண்டு காரியம் நடக்க வேண்டும்: அச்சடிக்கும் பாகம் இடது ஓரத்துக்குத் திரும்ப வேண்டும், காகிதம் ஒரு வரி உருள வேண்டும். ஆளுக்கொரு எழுத்து. பின்னால் வந்த யூனிக்ஸ் ஒன்றே போதும் என்று விட்டது. டாஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது. விண்டோஸ் அதைப் பிதுரார்ஜிதமாகப் பெற்றது. இன்று திரும்புவதற்குப் பாகமும் இல்லை, உருளுவதற்குக் காகிதமும் இல்லை. ஆனாலும் ரிடையரான ஹெட்கிளார்க் காலை பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்து பழைய நாற்காலியில் உட்காருவதுபோல, ஒவ்வொரு வரியின் முனையிலும் அது வந்து உட்கார்ந்துவிடுகிறது.

எழுப்பி அனுப்புவது சுலபம். டிஆர் என்ற சின்னக் கட்டளை, பக்கத்தில் ஒரு ஹைஃபனும் டியும், பிறகு மேற்கோள் குறிக்குள் பின்சாய்கோடும் ஆரும். கோப்பு எவ்வளவு பெரிதானாலும் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். இதே வேலையை மவுஸும் கையுமாகச் செய்கிறவர்களைப் பார்த்து டெர்மினல்காரர்களுக்கு வரும் தலைக்கனம் இருக்கிறதே, அதை எடுக்கத்தான் கட்டளை இல்லை.

ஹெட்கிளார்க் தவிர வேறு ஆட்களும் உண்டு. கோப்பின் தலையில் 'பாம்' என்று மூன்று பைட் உட்கார்ந்திருக்கும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், 'பைட் ஆர்டர் மார்க்' என்பதன் சுருக்கம். முன்பெல்லாம் யூடிஎஃப்-8 என்று சேமித்தாலே நோட்பேட் அதைத் தலையில் வைத்து அனுப்பும். 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்துதான் வைக்காமல் சேமிப்பது வழக்கமானது. அப்புறம் உடையா இடைவெளி. சாதாரண இடைவெளிபோலவே இருக்கும், தேடினால் அகப்படாது. அதற்கும் அப்பால், அகலமே இல்லாத எழுத்துகள். இடமும் அடைக்காது, கண்ணிலும் படாது, சொல்லுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு 'தேடிய சொல் இல்லை' என்று சொல்ல வைக்கும். இவர்களில் யாரும் பிறவிக் கேடிகள் இல்லை. பாரசீகம் எழுதுகிறவர்களுக்கு அந்த அகலமில்லாத எழுத்துகளில் ஒன்று அன்றாடம் வேண்டியிருக்கிறது. நம்மிடம் வந்து சேரும்போதுதான் கெட்ட பெயர்.

ஆகவே வேண்டாதது என்பது ஆளைப் பொறுத்தது. இதை எனக்கு முழுசாகப் புரியவைத்தவன் எங்கள் ஆபீசுக்குப் புதிதாக வந்த தம்பி. இன்ஜினியரிங் முடித்தவன், கை வேகம். வேண்டாத எழுத்துகளை நீக்கப் புகழ்பெற்ற சூத்திரம் ஒன்று உண்டு: டிஆரிடம் சீடி என்று சொல்லி, எட்டடிமான எண்ணில் 40 முதல் 176 வரை இருப்பதை மட்டும் வைத்துக்கொள், மற்றதை எல்லாம் தூக்கு என்பது. தொடர்கதை அத்தியாயம் ஒன்றின் மேல் தம்பி அதைப் பிரயோகித்தான். மிஞ்சியதைப் பிரின்ட் எடுத்து ஆசிரியர் மேஜையில் வைத்தான். காற்புள்ளிகள், நடுநடுவே இடைவெளிகள், இரண்டு ஆச்சரியக்குறி, ஒரு கேள்விக்குறி. ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"யார் கவிதைப்பா? பூடகமா நல்லா வந்திருக்கே!"

சூத்திரத்தின் மேல் குற்றமில்லை. 1963-இல் அமெரிக்காவில் முதலில் வெளியான ஆஸ்கி அட்டவணையில் கண்ணுக்குத் தெரிகிற எழுத்துகள், இடைவெளியையும் சேர்த்து, இன்று 95. அந்த 95-தான் எழுத்து, மிச்சமெல்லாம் குப்பை என்று நினைத்தவர் எவரோ எழுதிவைத்த சூத்திரம் அது. அவர் கணக்கில் அகரம் முதல் னகரம் வரை அத்தனையும் வேண்டாத எழுத்து. வேடிக்கை என்னவென்றால், பாமினி எழுத்துருவில் அடித்து வந்த பழைய கதை ஒன்று அதே கட்டளையில் ஏறக்குறைய காயமில்லாமல் தப்பித்தது. பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். தமிழ் வேஷம் கட்டிய இங்கிலீஷ் எழுத்துகளை வாசற்காவலன் வணக்கம் போட்டு உள்ளே விட்டான். அசல் தமிழைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினான்.

சரி, பொத்தாம்பொதுவாகச் சொன்னால்தானே வம்பு, குறிப்பிட்ட எழுத்தை மட்டும் எடுக்கச் சொல்லலாமே என்று தம்பி அடுத்த கட்டத்துக்குப் போனான். எங்கோ தவறி விழுந்த ஆய்த எழுத்தை மட்டும் நீக்கும்படி டிஆரைக் கேட்டான். கோப்பில் ஒரு தமிழ் எழுத்துகூட உருப்படியாக மிஞ்சவில்லை.

காரணம் சுவாரசியமானது. யூடிஎஃப்-8 என்ற முறையைக் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் நியூ ஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் வகுத்தார்கள். அதன்படி தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். முதல் பைட் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றேதான். இரண்டாவதும் இரண்டே வகை. டிஆர் இந்த முறையைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தது. லினக்ஸில் பரவலாக இருக்கும் க்னூ டிஆருக்கு எழுத்து என்றால் ஒரு பைட். ஆய்தத்தை எடு என்றால் அதன் மூன்று பைட்டையும் தனித்தனிக் குற்றவாளிகளாக எண்ணி, அவை கோப்பில் எங்கெங்கு இருந்தாலும் தேடித் தீர்த்துக்கட்டும். முதல் பைட் எல்லோருக்கும் பொது என்பதால் குலமே நாசம். ஆய்தத்தை எடுக்கச் சொன்னால் அது ஆயுதத்தை எடுத்துவிடுகிறது.

செட் என்ற இன்னொரு கட்டளைக்கு விவரம் கொஞ்சம் அதிகம். அது பைட்டை விட்டு எழுத்தைப் பார்க்கும். ஆனால் அதன் எழுத்தும் நம் எழுத்தும் ஒன்றல்ல. நமக்குக் 'கா' ஒரே எழுத்து. யூனிகோடுக்குக் ககரமும் துணைக்காலும். 'க்' என்பதும் ககரமும் புள்ளியும். 'காக்கா' என்று அடித்துவிட்டு, செட்டிடம் ககரத்தை மட்டும் நீக்கச் சொல்லிப் பாருங்கள். காக்கா பறந்துவிடும். திரையில் இரண்டு கால்களும் நடுவே ஒரு புள்ளியும் நிற்கும். இவ்வளவு துல்லியமாக ஒரு பறவையை உரித்துக் காட்டும் மென்பொருள் வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

இதனால் என் ஆபீசில் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன்: முதலில் பார், பிறகு நீக்கு. கேட் என்ற கட்டளையுடன் பெரிய ஏயைச் சேர்த்தால் ஒளிந்திருப்பதெல்லாம் வெளியே வரும். தமிழையும் அது ஒளிந்திருப்பதாகவே நினைத்துப் பைட்டுக்கு ஒரு 'எம்' போடும். வெண்பாவைக் காட்டினால் பக்கம் முழுக்க எம், எம், எம். பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டாவது சட்டம்: படிக்கிற கோப்பின் பெயரிலேயே விடையையும் எழுதச் சொல்லாதே. சொன்னால், ஷெல் முதலில் எழுதுவதற்கு இடம் வேண்டும் என்று அந்தக் கோப்பைக் காலியாக்கிவிட்டுத்தான் டிஆரைக் கூப்பிடும். காலிக் கோப்பில் வேண்டாத எழுத்து ஒன்றுகூட இருக்காது என்பது உண்மைதான்.

மூன்றாவது சட்டம், எழுதியவரைக் கேள் என்பது. கவிதைகளில் இரட்டை இடைவெளிகளை ஒற்றையாக்குவது வழக்கம். அதற்கும் டிஆரே போதும். செய்வதற்கு முன் கவிஞருக்குப் போன் போட்டேன்.

"ஐயா, உங்க கவிதையில அங்கங்க இடைவெளி ஜாஸ்தியா இருக்கு. சரி பண்ணிடட்டுமா?"

"தொடாதீங்க தம்பி! அதெல்லாம் வேணும்னே வச்சது."

"எல்லாமேவா ஐயா?"

கொஞ்சம் யோசித்தார். "மூணாவது வரியில இருக்கிறது மட்டும் கைதவறி விழுந்தது. ஆனா இப்பப் பார்க்கிறப்ப அதுவும் நல்லாத்தான் இருக்கு. இருக்கட்டும்."

அப்படியே அச்சேறியது. அடுத்த மாதம் வாசகர் கடிதம் ஒன்று வந்தது. மூன்றாவது வரியின் இடைவெளியில் ஒரு தலைமுறையின் மௌனம் உறைந்திருப்பதாக எழுதியிருந்தார் ஒருவர். அந்தக் கடிதத்தில் வேண்டாத எழுத்து ஒன்றுகூட இல்லை. போஸ்ட் கார்டில் எழுதியிருந்தார்.