காவல்காரன் வேஷமும் கவர்னர் புஸ்தகமும்

ஏன் மாப்ளே, சுயசரிதை எழுதப்போறேன்னு ஸ்ரீராமபுரம் முழுக்கச் சொல்லிட்டுத் திரியறியாமே! ரொம்ப நல்ல காரியம், எழுதிரு. இந்த பெங்களூருல காலையில பார்க்குல நடக்க வர்ற பெருசுங்க எல்லாம் ஆளுக்கொரு நோட்டு வாங்கி வெச்சு எழுதிட்டுத்தான் இருக்கு. ரிட்டயர் ஆன பேங்க் மேனேஜர் எழுதறாரு, எச்.ஏ.எல்.லுல போல்ட் முடுக்கினவரு எழுதறாரு. அவ்வளவு வருஷம் சினிமாவுல நின்ன நீ எழுதப்படாதா? 'நின்ன'ன்னு சொன்னதுக்கு முறைக்காதே. ராஜா தர்பார்ல ஈட்டி புடிச்சு நின்னே, கல்யாண சீன்ல அட்சதையோட நின்னே, கோர்ட்டு சீன்ல கதவோரமா நின்னே. உக்காந்து நடிச்ச படம் ஒண்ணே ஒண்ணு காட்டு, வார்த்தையை வாபஸ் வாங்கிக்கறேன்.

வாட்ஸப்புல நீ அனுப்பின முதல் பக்கத்தைப் பேத்தி படிச்சுக் காட்டினா. நீ பொறந்த ராத்திரி இடி இடிச்சுதாம், அடைமழை கொட்டுச்சாம், மருத்துவச்சி உன் மூஞ்சியைப் பாத்துட்டு 'இது கலைத்தாய் பெத்த புள்ள'ன்னாளாம். அடேய், உங்கம்மா எனக்கு மாமியார். அவங்க எங்கிட்ட சொன்னது வேற. அந்த வருஷம் கிருஷ்ணகிரிப் பக்கம் பொட்டு மழை இல்லே, விதைச்ச ராகி முளைக்கவே இல்லே. வரிசையாப் பொட்டப் புள்ளைங்களுக்கு அப்புறம் நீ வந்ததுல உங்கப்பனுக்குச் சந்தோசம், அவ்வளவுதான். மருத்துவச்சி கேட்டது கலைத்தாயை இல்லே, ஒரு படி அரிசியை.

முதல் பக்கம் எப்படி எழுதறதுன்னு தெரியணும்னா, ஜே.பி. நகர்ல இருந்தாரே கிரீஷ் கர்னாட், அவரு புஸ்தகத்தைப் பாரு. யாருன்னு முழிக்காதே. 1994ல வந்த 'காதலன்' படத்துல பிரபுதேவாவைப் படாத பாடு படுத்தின கவர்னர். நம்ம சனத்துக்கு அவரு கவர்னர். கன்னடத்துக்காரங்களுக்கு 'துக்ளக்', 'ஹயவதனா'ன்னு நாடகம் எழுதி ஞானபீடம் வாங்கின மனுஷன். 2011ல தார்வாட் மனோகர கிரந்தமாலாக்காரங்க அவரோட சுயசரிதையை 'ஆடாடத ஆயுஷ்ய'ன்னு போட்டாங்க. பேத்தி ராத்திரியில வாசிப்பா, நான் திண்டுல சாஞ்சு கேப்பேன்.

அதை யாருக்குச் சமர்ப்பணம் பண்ணியிருக்காரு தெரியுமா? தயாரிப்பாளருக்கு இல்லே, முதலமைச்சருக்கு இல்லே. சொன்ன நேரத்துக்கு வராம போன ஒரு டாக்டரம்மாவுக்கு! மகன் பேரும் புகழுமா வளந்தப்புறம், ஒருநாள் வீட்டுல சாப்பாட்டு நேரத்துல அவங்கம்மா கிருஷ்ணாபாய் பேச்சுவாக்குல சொல்றாங்க: இவன் வயித்துல இருக்கும்போது வேணாம்னு நினைச்சு, கலைச்சிரலாம்னு புனேயில ஒரு டாக்டர்கிட்டப் போனோம்; அந்தம்மா வரலே; காத்திருந்து பாத்துட்டுத் திரும்பிட்டோம்னு. அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லையாம். அன்னிக்கு அந்த டாக்டரம்மா நேரத்துக்கு வந்திருந்தா துக்ளக்கும் இல்லே, கவர்னரும் இல்லே. அதனால அந்தம்மா பேரையே முதல்ல போட்டு நன்றி சொல்லியிருக்காரு. நீ இடியைக் கூப்பிட்டே, மழையைக் கூப்பிட்டே. அந்த மனுஷன், தான் இல்லாமயே போயிருக்கலாம்னு ஆரம்பிக்கறாரு. எதைக் கேட்டா அடுத்த பக்கம் புரட்டத் தோணும், நீயே சொல்லு.

அதோட விட்டாரா? அம்மா சின்ன வயசுலயே கையில ஒரு பையனோட விதவையானது, நர்ஸ் வேலை கத்துக்கிட்டது, டாக்டர் கர்னாடோட சேந்து வாழ்ந்து, வருஷக்கணக்கா ஊர் வாய்க்குப் பயந்து காத்திருந்து அப்புறம் கல்யாணம் பண்ணிக்கிட்டது, எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்காரு. நம்ம வீட்டுல இந்தக் கதையில பாதி நடந்திருந்தாலே பரண்மேல போட்டுப் பூட்டியிருப்போம். அந்தம்மாவோ எண்பது வயசுக்கு மேல தானே உக்காந்து தன் கதையை எழுதி வெச்சாங்களாம். புள்ளைக்குத் தைரியம் எங்கிருந்து வந்துச்சுன்னு புரியுதா?

சரி, ரெண்டாவது சங்கதிக்கு வா. உன் கையெழுத்துப் பிரதியில 'நான்' எத்தனை தடவை வருதுன்னு பேத்தி எண்ண ஆரம்பிச்சா, பாதியிலேயே தூங்கிட்டா. சுயசரிதைக்கு 'நான்' களியில போடற உப்பு மாதிரி மாப்ளே, கை கொஞ்சம் தாராளமாச்சுன்னா வாயில வெக்க முடியாது. அவ்வை டி.கே. சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை'ன்னு எழுதினாரே, ஆறு வயசுல 1918ல சங்கரதாஸ் சுவாமிகளோட பாலர் சபாவுல சேந்தவரு. அந்தப் புஸ்தகத்துல நமக்கு மனசுல நிக்கறது சண்முகமா? இல்லே, இந்தப் பொடியனுக்காக ஒரே ராத்திரியில 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாட்டோட எழுதி முடிச்ச சுவாமிகள். அடுத்தவனுக்கு வெளிச்சம் புடிச்சவன் மூஞ்சிதான் கடைசியில தெரியுது.

இந்த ஊரு பஸ்ல டிக்கெட் கிழிச்ச சிவாஜிராவ் ரஜினிகாந்த் ஆனதுக்குப் பின்னாடி, நீ சினிமாக் காலேஜுக்குப் போ, நான் பாத்துக்கறேன்னு மெட்ராசுக்கு அனுப்பி வெச்ச ஒரு டிரைவர் சிநேகிதர் இருக்காரு. ரஜினியும் அதை மேடை மேடையாச் சொல்றாரு. உன் பின்னாடி யார் இருந்தான்னு தேடினேன். உனக்கு பேட்டா பிரிச்சுக் குடுத்த ஏஜெண்டும் இல்லே, சோத்துக்கு வரிசையில இடம் போட்டுக் குடுத்த சக துணை நடிகனும் இல்லே. எல்லா போட்டோவிலயும் நீதான் இருக்கே, ஹீரோவோட தோளுக்குப் பின்னாடி, வட்டம் போட்டு.

பேட்டான்னதும் ஞாபகம் வருது. பணத்தைப் பத்தி ஏன் ஒரு வரி இல்லே? கலைச்சேவைன்னு பன்னண்டு இடத்துல எழுதியிருக்கே. கால்ஷீட்டுக்கு எவ்வளவு வந்துச்சு, ஏஜெண்ட் எவ்வளவு புடிச்சான், சொந்தமா விக் கொண்டு போனா எவ்வளவு கூடக் கிடைக்கும், அதைச் சொல்லு. இன்னிக்கு வர்ற பையன் படிச்சா பிரயோஜனப்படும். கர்னாட் சினிமாச் சம்பளம்தான் நாடகம் எழுதச் சோறு போட்டுச்சுன்னு சொல்ல வெக்கப்படாத மனுஷன். 1976ல அவரு மாட்டு டாக்டரா நடிச்ச 'மந்தன்' படத்துக்குப் பணம் போட்டது யாரு? குஜராத்துப் பால்காரங்க 5 லட்சம் பேரு, ஆளுக்கு 2 ரூபாய். படம் வந்தப்போ தாங்க போட்ட படத்தைப் பாக்க லாரி லாரியா வந்தாங்களாம். சினிமா வரலாறுன்னா இதுதான்யா. நட்சத்திரம் எந்தக் கார்ல வந்தாருங்கறது இல்லே.

'நான் பட்ட துரோகங்கள்'னு தனி அத்தியாயம் ஒண்ணு போட்டிருக்கியே, அதைப் படிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு. டயலாக்கை வெட்டினாங்க, குளோசப் வெக்கலே, ஏசி ரூம் குடுக்கலே. கர்னாட் புனே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டுக்கு டைரக்டரா இருந்தப்போ, நடிப்புப் படிக்கிற பசங்க அவருக்கு எதிரா ஸ்டிரைக் பண்ணினாங்க. முன்வரிசையில நின்ன பையன் நசிருதீன் ஷா. அதே பையனைத்தான் ஷியாம் பெனகல் கிட்ட 'நிஷாந்த்' படத்துக்கு எடுத்துக்கச் சொல்லி விட்டாரு கர்னாட். நசிரே பின்னாடி தன் புஸ்தகத்துல அதை எழுதியிருக்காரு. துரோகம்னு ரெண்டு பக்கமும் எழுதியிருக்கலாம். எழுதலே.

உண்மையான கஷ்டம் வேணுமா? 1970ல 'சம்ஸ்கார' வந்துச்சு, அனந்தமூர்த்தி கதை, பட்டாபிராம ரெட்டி டைரக்‌ஷன், கர்னாட்தான் ஆச்சாரி வேஷம். சென்சார் முதல்ல தடை போட்டுச்சு. அப்புறம் அதே படத்துக்குத்தான் அந்த வருஷத்து தேசிய விருது. அதுல சந்திரியா வந்த ஸ்நேகலதா ரெட்டியை எமர்ஜென்சியில புடிச்சு பெங்களூர் சென்ட்ரல் ஜெயில்ல மாசக்கணக்கா வெச்சாங்க. ஆஸ்துமாக்காரி. 1977 ஜனவரியில பரோல்ல வெளிய விட்ட கொஞ்ச நாள்லயே செத்துப் போயிட்டாங்க. உள்ள இருந்தப்போ எழுதின டைரி மட்டும் அப்புறம் அச்சாச்சு. ஆளு மெலிஞ்ச மாதிரியே புஸ்தகமும் மெலிசு. அந்த ஜெயிலு இருந்த இடம்தான் இன்னிக்கு ஃபிரீடம் பார்க். அடுத்த தடவை மெஜஸ்டிக் பக்கம் போறப்போ அங்க கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வா. வந்து அந்த ஏசி ரூம் விஷயத்தை அடிச்சிரு.

பொம்பளைங்களைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். உன் புஸ்தகத்துல நடிகைங்க எல்லாம் ஒண்ணு 'தேவதை', இல்லாட்டி 'பழகுவதற்கு இனிமையானவர்'. மராட்டியில ஹன்சா வாட்கர்னு ஒரு நடிகை, தன் கதையை ஒளிவுமறைவு இல்லாமச் சொன்னாங்க. சம்பாதிச்சது அந்தம்மா, கணக்குப் பாத்தது புருஷன். குடி, ஓட்டம், திரும்பி வந்தது எல்லாம் உண்டு. அதை வெச்சுத்தான் 1977ல பெனகல் 'பூமிகா' எடுத்தாரு, ஸ்மிதா பாட்டீலுக்கு தேசிய விருது கிடைச்சுது. திரைக்கதை எழுதினவங்கள்ல நம்ம கவர்னரும் ஒருத்தர். அடுத்தவங்க சுயசரிதையைப் பிரிச்சுக் கோத்துக் கை பழகினவரு தன்னோடதை எழுதறப்போ ஏமாத்த முடியுமா? நீ எந்தப் புஸ்தகத்தைப் படிச்சே? உன் ஆல்பத்தை.

அளந்து விடறதுலயும் ஒரு நியாயம் வேணும். 'ஆயிரம் யானைகள் நடுவே நான்'னு எழுதியிருக்கே. குப்பி வீரண்ணா 'குருக்ஷேத்திர' நாடகத்துக்கு நெசமான யானையையும் குதிரையையும் மேடையேத்தினவரு; அவரு சுயசரிதையில யானை நடந்தா தரை அதிருதுன்னு நம்பலாம். நீ நடிச்ச படத்துல இருந்த யானை ரெண்டும் அட்டை. ஒண்ணோட தும்பிக்கையை நீதான் உள்ள இருந்து ஆட்டினேன்னு நீயே எங்கிட்டச் சொல்லியிருக்கே. அடப்பாவி, அதை எழுதேன்! உன் சர்வீஸ்லயே நான் கேட்ட நல்ல கதை அது ஒண்ணுதான்.

எங்க நிறுத்தறதுன்னும் தெரிஞ்சுக்கோ. கர்னாட் புஸ்தகம் பாதி ஆயுசோட நின்னு போச்சு. மீதியை எழுதறதுக்குள்ள 2019 ஜூன்ல போயிட்டாரு. இங்கிலீஷ்ல அது 2021லதான் வந்துச்சு. சாவுலயும் பாரு, அரசு மரியாதை வேணாம், சடங்கு வேணாம்னு குடும்பத்துல சொல்லிட்டாங்க. எம்.ஜி.ஆர் விகடன்ல எழுதின 'நான் ஏன் பிறந்தேன்' தொடரும் முடியாமலே நின்னதுதான். பாதியில நின்னாலும் முழுசா இருக்கற புஸ்தகம் உண்டு. உன்னோடது பொறந்ததுல இருந்து போன வாரம் கண் ஆபரேஷன் வரைக்கும் வந்திருச்சு, இன்னும் ஆரம்பிக்கலே.

அச்சாபீஸ்காரன் இழுத்தடிக்கறான்னு அவசரப்படாதே. அல்சூர் ஏரிக்கரையில திருவள்ளுவரையே 18 வருஷம் துணியைச் சுத்தி நிக்க வெச்ச ஊரு இது. 1991ல செஞ்ச சிலை, 2009லதான் தெறந்தாங்க. ஒண்ணே முக்கால் அடியில எழுதினவரே பொறுத்திருக்காரு, அறுநூறு பக்கம் எழுதினவனுக்கு என்ன அவசரம்?

கடைசியா ஒரு வார்த்தை, இது கிண்டல் இல்லே. 'கலைப்பயணம்' அத்தியாயத்துல, மனசுல உறுதியை மட்டும் எடுத்துக்கிட்டு கோடம்பாக்கம் பஸ் ஏறினேன்னு எழுதியிருக்கே. உறுதிக்கு எவன்டா டிக்கெட் குடுப்பான்? உங்கக்கா கழுத்துல கிடந்த சங்கிலி அந்த வாரம்தான் கிணத்தடியில தவறிப்போச்சுன்னு எங்கிட்டச் சொன்னா. கிணத்தைத் தூர் வாரினேன், சகதிதான் வந்துச்சு. எனக்கு அன்னிக்கே விளங்கிருச்சு. அவளும் சொல்லலே, நானும் கேக்கலே, நீயும் அடகுச் சீட்டைக் காட்டலே. தங்கம் விக்கிற விலையில நீ அதைத் திருப்ப முடியாது. உன் புஸ்தகம் ஊரெல்லாம் வித்தாலும் தாலிக்கயிறுகூட வராது. அதனால கடனை எழுத்தாவே குடுத்திரு: வெறும் கழுத்தோட சொந்தக்காரங்க கல்யாணத்துக்கெல்லாம் போயிட்டு வந்த ஒருத்தி இருந்தான்னு சமர்ப்பணத்துல ஒரு வரி. அந்த வரி இருந்தா எங்களுக்கு ஓசிப் பிரதி வேணாம், காசு குடுத்தே வாங்கறோம். இல்லேன்னா, வெளியீட்டு விழாவுக்கு மேடையில என்னைக் கூப்பிடு. கிணத்துல தூர் வாரின கதையை நான் நல்லாவே சொல்லுவேன்.