குழலின் வாய்

கேள்வி: எயார் ரைபிளின் குழலை அறுத்துக் குட்டையாக்கினால் குறி தப்புமா?
— வாசகர், ஹெந்தளை

பதில்: நீளம் குறைவதால் தப்பாது, வாய் கோணலானால் தப்பும். பெல்லட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். உடுக்கை போல் இடுப்புச் சிறுத்து, பின்பக்கம் குழிந்திருக்கும். கனமெல்லாம் தலையில். வாலைக் காற்று பின்னுக்கு இழுத்துப் பிடித்து நேராக்கும். குழலுக்குள் இருக்கும் சுருள் பள்ளங்கள் தரும் சுழற்சி மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் வாய்விளிம்பில் சின்னப் பிசிறு இருந்தாலும் போதும், காற்று ஒருபக்கமாகப் பீறி அந்த மெல்லிய வாலைத் தள்ளிவிடும். சில நல்ல குழல்களின் வாய்ப்பக்கத்தை வேண்டுமென்றே சற்று இறுக்கமாகச் செய்திருப்பார்கள். அறுத்தால் முதலில் போவது அதுதான்!

10 மீட்டர் எயார் ரைபிள் போட்டியில் பத்து மதிப்பெண்ணுக்குரிய புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர். கடலூரில் பிறந்த துப்பாக்கிச் சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டால் அதைத் தொடுகிறார். குறியைத் திருத்த வேண்டுமானால், அறுக்கும் வாளைக் கீழே வைத்துவிட்டு, முதலில் வேறு பெல்லட் போட்டுச் சுட்டுப் பாருங்கள்.