ஒரு கை பார்க்கலாமா?

நின்றுகொண்டே சாப்பிடும் விருந்தைக் கண்டுபிடித்தவர் வேட்டி கட்டாதவராகத்தான் இருக்க வேண்டும். ஒரு கையில் தட்டு, மறு கையில் பண்டம். இடுப்பு நழுவினால் பிடிப்பது யார்? பந்தியில் இந்தக் கவலையே இல்லை. இலையை மேசை பார்த்துக்கொள்ளும், வேட்டியை இடது கை பார்த்துக்கொள்ளும்.

அடுக்குமாடி வீட்டுப் பிறந்தநாளா, புதுவீட்டு மாலை விருந்தா, புத்தாண்டு இரவா, எங்கே போனாலும் இப்போது 'ஸ்டார்ட்டர்ஸ்' தட்டோடு ஒருவர் துரத்துகிறார். அண்மையில் மைத்துனன் வீட்டு விழாவில் வந்த தட்டில் வரிசையாகச் சின்னக் கண்ணாடிக் குவளைகள். குவளைக்குள் சாம்பார், சாம்பாருக்குள் ஒரு குட்டி இட்லி, இட்லியின் உச்சியில் ஒரு பல்குச்சி. பெரியம்மா உற்றுப் பார்த்தார்.

"ஏம்ப்பா, சாப்பிட்டு முடிச்சவங்களுக்குத்தானே குச்சி குடுப்பாங்க?"

"இல்ல பெரிம்மா, குச்சியப் புடிச்சு அப்படியே தூக்கிச் சாப்பிடணும்."

தூக்கினார். குச்சி வந்தது. ஊறிப்போன இட்லி வரவில்லை. பெரியம்மா குச்சியைப் பத்திரமாக முந்தானையில் முடிந்துகொண்டு, குவளையை அண்ணாந்து ஒரே மடக்கில் காலி செய்தார். அன்றைக்கு அந்தப் பண்டத்தைச் சட்டையில் சிந்தாமல் சாப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

சோறு முதல் பாயசம் வரை கையாலேயே வழித்துச் சாப்பிடும் நமக்குக் கையால் சாப்பிடச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே கையால் முடியுமா என்பதுதான் கேள்வி. நிற்கும் விருந்துக்குப் பலகாரம் தேர்ந்தெடுக்க என்னிடம் மூன்று பரீட்சைகள் உண்டு: ஒரே வாயில் அடங்க வேண்டும், தொட்டுக்கொள்ள எதுவும் கேட்கக் கூடாது, ஆறினாலும் தின்ன முடிய வேண்டும்.

மூன்றிலும் முதல் மதிப்பெண் செட்டிநாட்டுக் குழிப்பணியாரத்துக்கு. கடுகு, வெங்காயம், பச்சைமிளகாயைத் தாளித்து மாவிலேயே கலந்துவிடுவதால் சட்னி வராவிட்டாலும் கோபிக்காது. காஞ்சிபுரம் இட்லியும் அப்படித்தான். மிளகும் சீரகமும் சுக்கும் உள்ளேயே இருக்கின்றன; துண்டு போட்டு நீட்டினால் போதும். சேலத்துத் தட்டுவடை செட் இன்னும் சாமர்த்தியசாலி. இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயத்தோடு சட்னியையும் சிறை வைத்துவிடுவார்கள். ஆனால் முன்கூட்டியே செய்து அடுக்கி வைத்தால் நமத்துவிடும். வாங்குகிறவரின் கண்ணெதிரே செய்து கொடுக்க வேண்டும்.

உருளைக்கிழங்கு போண்டா தோற்பது உள்சூட்டினால். வெளியே சாது, உள்ளே எரிமலை. கடித்தவர் வாயைத் திறந்து "ஹா... ஹா..." என்று நிற்கும் நேரம் பார்த்துத்தான் வீட்டுக்காரர் வந்து, "எப்படி இருக்கு?" என்பார். புகைப்படத்தில் எல்லோரும் சந்தோஷமாகச் சிரிப்பதுபோல் விழுந்திருக்கும்.

பஜ்ஜி நல்ல பிள்ளைதான், சேர்க்கை சரியில்லை. எண்ணெயை ஒற்றியெடுக்கச் செய்தித்தாளில் வைத்தால் நேற்றைய தங்கம் விலை பஜ்ஜியில் பதிந்துவிடுகிறது. அச்சு மை வயிற்றுக்குள் போவது நல்லதல்ல என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது. வெள்ளைத் துணியோ, வாழையிலையோ போதும்.

கோகுலாஷ்டமிச் சீடைக்கு இந்த மூன்று பரீட்சையும் தூசு. அதன் வீரமெல்லாம் வாணலியில்தான். மாவைச் சலிக்காமல் விட்டாலோ, உருண்டையை இறுக்கி உருட்டினாலோ, உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் வெடிக்கும். அம்மா ஒரு கையில் கரண்டி, மறு கையில் தாம்பாளம் என்று போர்க்களத்தில் நிற்பதுபோல் அடுப்படியில் நிற்பாள். மாவை நன்றாகச் சலித்து, அழுத்தாமல் உருட்டி, ஊசியால் ஒரு குத்து குத்திப் போட்டால் சமாதானம்.

நவராத்திரிச் சுண்டல்தான் தட்டில் நிற்காமல் உருண்டோடும். அதற்கு நம் முன்னோர் கண்ட விடை தொன்னை. இடையில் பிளாஸ்டிக் வந்து தொன்னையை ஓரங்கட்டியது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. பாக்குமட்டைத் தட்டும் தொன்னையும் மறுபடி கைக்கு வந்தன. தொன்னை உள்ளங்கையில் அடங்கும், கடைசிக் கடலையை அப்படியே வாயில் கவிழ்த்துக்கொள்ளலாம், கழுவும் வேலையும் இல்லை.

ஆகவே, விருந்து வைக்கப்போகும் மகாஜனங்களே! பணியாரம் போடுங்கள். சுண்டலைத் தொன்னையில் கொடுங்கள். போண்டாவைச் சற்றே ஆறவிடுங்கள், அதைக் கடித்தவரிடம் கேள்வி கேட்காதீர்கள். சாம்பாரை அதன் போக்கில் கிண்ணத்தில் விடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓரமாக நாலு நாற்காலி போட்டு வையுங்கள். பலகாரம் சுமாராக இருந்தாலும், உட்கார இடம் கொடுத்த வீட்டை யாரும் குறை சொல்வதில்லை.