ஆறு ஃப்ளாப்பியும் ஒரு கோப்பும்

1998 ஆடி மாதம். கோவையிலிருந்து ஈரோட்டுக்குப் போகும் பேருந்தில் என் மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. அதற்குள் பன்னிரண்டு ஃப்ளாப்பிகள். வேலைக்கு ஆறு போதும், மற்ற ஆறும் அவற்றின் நகல்கள். நான்காவது ஃப்ளாப்பி படிக்காமல் அடம்பிடித்தால் அத்தனை தூரம் போனது வீண் என்பதால் இரட்டைச் செட் இல்லாமல் நான் வீட்டை விட்டுக் கிளம்பியதே இல்லை.

ஜவுளிக் கடைக்கு பில் போடும் மென்பொருள் அது. விஷுவல் பேசிக் 5-இல் எழுதியிருந்தேன். நான் எழுதியது முந்நூறு கேபிகூட இருக்காது. ஆனால் அது ஓடுவதற்கு எம்எஸ்விபிவிஎம்50 என்ற டிஎல்எல் வேண்டும். அது ஒன்று மட்டுமே ஒன்றேகால் எம்பிக்கு மேல். ஒரு ஃப்ளாப்பியின் மொத்தக் கொள்ளளவே 1.44 எம்பிதான். அதன் மேல் ஓசிஎக்ஸ்கள், டேட்டாபேஸ் என்ஜின், தமிழ் எழுத்துரு. எல்லாவற்றையும் ஏஆர்ஜே கொண்டு சுருக்கி, ஃப்ளாப்பி அளவுக்குத் துண்டு போட்டு, விரித்து நகலெடுக்க ஒரு பேட்ச் ஃபைல் எழுதிவைத்திருந்தேன். அதைத்தான் செட்டப் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். விஷுவல் பேசிக்குடன் ஒரு செட்டப் விசார்டும் வந்தது. கோப்பின் பதிப்பு எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அது பழையதன் மேல் எழுதும். எனக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை. பேட்ச் ஃபைல் போதும் என்று முடிவு செய்தேன்.

கடை முதலாளி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் ஒவ்வொரு ஃப்ளாப்பியாக மாற்றுவதைப் பார்த்தார். “ஏனுங் தம்பி, இத்தனையும் உள்ள போடோணுமா?” என்று கேட்டார். “ஆமாங்க” என்றேன். நாற்பது நிமிடத்தில் முதல் பில் அச்சானது. டீ வரவழைத்துக் கொடுத்தார். மனம் நிறைந்து ஊர் திரும்பினேன்.

மறுநாள் காலை தொலைபேசி. அதே கணினியில் அவர்கள் ஏற்கெனவே வைத்திருந்த பேரேட்டு மென்பொருள் திறக்கவில்லை. மதியத்துக்குள் மீண்டும் ஈரோடு போனேன். காரணத்தைக் கண்டுபிடிக்க இரவு எட்டு மணி ஆயிற்று. இரண்டு மென்பொருளுக்கும் பொதுவான ஓர் ஓசிஎக்ஸ், விண்டோஸின் சிஸ்டம் கோப்புறையில் புதிய பதிப்பாக இருந்திருக்கிறது. என் பேட்ச் ஃபைல் எதையும் கேட்காமல் அதன் மேல் என் பழைய பதிப்பை எழுதிவிட்டது. பேரேடு தேடிய புதிய வசதி அதில் இல்லை. முதலாளி கோபப்படவில்லை. “உங்க சாமானை வெக்கறதுக்கு எங்க சாமானை எடுத்துப் போட்டுட்டீங்களே தம்பி” என்று மட்டும் சொன்னார்.

இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் செட்டப் எனும் நிறுவிகளைப் பற்றி நான் படித்த எதுவும் அந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டிப் போகவில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் ஒரு பொருளைக் கொண்டுபோய் வைக்கிறோம். அங்கே முன்பே என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். நாளைக்கு எடுக்கச் சொன்னால் நம்முடையதை மட்டும் எடுத்துக்கொண்டு வர வேண்டும். நிறுவியின் வேலை முழுவதும் இதுதான், கடினமும் இதில்தான் இருக்கிறது.

கருவிகள் மெல்ல மெல்லத் தேறின. ஜோர்டன் ரஸ்ஸலின் இன்னோ செட்டப் 1997-லேயே வந்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. ஆஃபீஸ் 2000-உடன் வந்த விண்டோஸ் இன்ஸ்டாலர், நிறுவல் பாதியில் முறிந்தால் கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பும் ரோல்பேக்கைக் கொண்டுவந்தது. வினாம்பை விநியோகிக்க நல்சாஃப்ட் தனக்காகச் செய்துகொண்ட என்எஸ்ஐஎஸ் இலவசமாகவே கிடைத்தது. நான் பல ஆண்டு அதைத்தான் பயன்படுத்தினேன். ஆனால் தமிழில் ஒரு பொத்தான் வைக்க முடியவில்லை. விண்டோஸில் தமிழுக்கென ஆன்சி கோட்பேஜ் கிடையாது, யூனிகோட் ஒன்றே வழி. ஆன்சியில் இயங்கிய நிறுவியில் ‘அடுத்து’ என்று எழுதினால் ஏழு கேள்விக்குறிகள் வந்து நிற்கும். 2016-இல் வந்த என்எஸ்ஐஎஸ் 3.0 பதிப்பில்தான் யூனிகோட் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது. நம் மொழியில் எழுதிய மென்பொருள்கூட ஆங்கிலத்தில்தான் வாசற்கதவைத் திறக்கவேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

இப்போது நான் பில் மென்பொருள் எழுதுவதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு தமிழ்ச் சொல் விளையாட்டு எழுதியிருக்கிறேன். ஒரு டீச்சரின் பள்ளி ஆய்வகத்தில் இருப்பது சி-டாக்கின் பாஸ் லினக்ஸ், அவர் வீட்டில் விண்டோஸ். சிங்கப்பூரில் தமிழ் வகுப்பெடுக்கும் என் நண்பரிடம் மேக். மூன்றுக்கும் ஒரே மாதிரி நிறுவி வேண்டும். அதற்காகக் கியூட்டி இன்ஸ்டாலர் ஃபிரேம்வொர்க்கை எடுத்துக்கொண்டேன்.

ஆயத்தமாகக் கட்டிய பதிப்பையே இறக்கிக்கொள்ளலாம். நான் மூலநிரலிலிருந்து கட்டியதற்குக் காரணம் அந்த ஆய்வகத்தின் பழைய லினக்ஸ். லினக்ஸில் ஏறக்குறைய எல்லா நிரலும் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்தின் மேல் நிற்கிறது. பழைய ஜிலிப்சியில் கட்டியது புதிய கணினியில் ஓடும். புதியதில் கட்டியது பழைய கணினியில் பெரும்பாலும் ஓடாது, தேவையான பதிப்பு இல்லை என்று சொல்லி நின்றுவிடும். அதனால் ஒரு மெய்நிகர் கணினியில் பழைய டெபியனைப் போட்டு அதற்குள் கட்டத் தொடங்கினேன்.

முதல் வேலை, அந்த ஃபிரேம்வொர்க் நிற்கும் கியூட்டி நூலகத்தையே ஸ்டேட்டிக்காகக் கட்டுவது. நூலகங்கள் தனித்தனிக் கோப்புகளாக வெளியே இல்லாமல் நிரலுக்குள்ளேயே கரைந்துவிட வேண்டும். கல்யாணத்துக்குச் சமைக்க வருகிறவர் அண்டா, கரண்டி, ஜல்லிக்கரண்டி எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் வருவார், பெண் வீட்டில் போய்க் கேட்கமாட்டார். நிறுவியும் அப்படித்தான் போக வேண்டும். எதுவுமே நிறுவப்படாத கணினியில் முதலில் ஓடவேண்டியது அதுதானே. இடம் மிச்சப்படுத்துகிறேன் என்று கியூட்டியின் அடிப்படைப் பகுதியையும், நிறுவியின் ஜாவாஸ்கிரிப்டுகளை ஓட்டும் டிக்ளரேட்டிவ் பகுதியையும் மட்டும் கட்டினேன். மாலையில் தொடங்கியது நள்ளிரவில் முடிந்தது. பிறகு ஃபிரேம்வொர்க்கின் கோப்புறையில் கியூமேக் கொடுத்தால், யுஐ டூல்ஸ் என்ற மாட்யூல் தெரியாது என்று பிழை. அது கியூட்டி டூல்ஸ் பகுதியில் இருக்கிறது, அதை நான்தான் விட்டிருந்தேன். அடுத்த நாள் அதையும் கட்டிச் சேர்த்தபின் பைனரிகிரியேட்டர், ரெப்போஜென், இன்ஸ்டாலர்பேஸ் எல்லாம் பின் கோப்புறையில் வந்து உட்கார்ந்தன.

அதன் பிறகு வேலை எளிது. கான்ஃபிக் கோப்புறையில் மென்பொருளின் பெயர், பதிப்பு. பேக்கேஜஸ் கோப்புறையில் ஒவ்வொரு கூறுக்கும் விவரமும் தரவும். பைனரிகிரியேட்டர் இவற்றைச் சுருக்கி, இன்ஸ்டாலர்பேஸுடன் ஒட்டி ஒரே கோப்பாகத் தருகிறது. விவரக்குறிப்பு மூன்று தளங்களுக்கும் ஒன்றே, கட்டுவதுதான் அந்தந்தத் தளத்தில். மேக்குக்கானதை நண்பர் சிங்கப்பூரிலேயே கட்டினார். பொத்தான்களும் தமிழில் வந்துவிட்டன.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஆபரேஷன் என்ற ஏற்பாடு. கோப்பை விரிப்பது, குறுக்குவழி வைப்பது என ஒவ்வொரு செயலுக்கும் எதிர்ச்செயல் இணைந்தே இருக்கிறது. கூடவே நிறுவப்படும் மெயின்டெனன்ஸ் டூல் அந்தப் பட்டியலைப் பின்னோக்கி நடந்து ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்கும். ஈரோட்டில் எனக்கு இல்லாமல்போனது இந்தப் பட்டியல்தான்.

ஆனால் இங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. ரிமூவ் டார்கெட் டைர் என்ற அமைப்பை நாம் மாற்றாவிட்டால், நீக்கும்போது நிறுவிய கோப்புறையே முழுதாகப் போய்விடும். டீச்சர் பிள்ளைகளின் படங்கள் இருக்கும் கோப்புறையைத் தேர்ந்தெடுத்து நிறுவியிருந்தால், நீக்கும் நாளில் படங்களும் போகும். காலியில்லாத கோப்புறை என்று நிறுவி எச்சரிக்கத்தான் செய்கிறது. அவசரத்தில் யார் அதைப் படிக்கிறார்கள்? அந்த அமைப்பை ‘இல்லை’ என்று மாற்றினேன். பிறகு வேண்டுமென்றே படங்கள் நிறைந்த ஒரு கோப்புறையில் நிறுவி, நீக்கி, படங்களை எண்ணினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது.

அன்று ஜவுளிக் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துக் கணினியைத் தந்தார். இன்று கையொப்பம் இல்லாத நிறுவியை இயங்குதளமே சந்தேகத்தோடு நிறுத்துகிறது. விண்டோஸ் கையொப்பமானால், 2023 ஜூன் முதல் அதன் ரகசியச் சாவியைத் தனி வன்பொருளில்தான் வைக்க வேண்டும். மேக்கில் 2019-இன் கேட்டலினாவிலிருந்து நிறுவியை முன்கூட்டியே அனுப்பிச் சான்று பெற வேண்டும். தனியாளுக்கு இது செலவும் அலைச்சலும்தான். ஆனாலும் நான் குறை சொல்லமாட்டேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலேயே ஒரு கடையின் கணக்கை நான் ஒரு நாள் நிறுத்திவைத்திருக்கிறேன்.

போன மாதம் டீச்சர் ஆய்வகத்தின் ஒன்பது கணினிகளிலும் விளையாட்டைத் தானே நிறுவினார். நான் போகவில்லை. ஒன்றிலாவது நீக்கிப் பார்க்கும்படி கேட்டிருந்தேன். “எடுத்துப் பார்த்தேன் சார். பிள்ளைங்க வரைஞ்சதெல்லாம் அப்படியே இருக்கு” என்றார்.

நிறுவி எழுதும் தம்பி தங்கைகளே, வெளியிடுவதற்கு முன் உங்களுடையது அல்லாத ஒரு கணினியில் அதைப் போட்டு, பிறகு நீக்குங்கள். முன்பிருந்த கோப்புகள் அத்தனையும் இருக்கின்றனவா என்று ஒருமுறை எண்ணிவிடுங்கள்.