பழைய ஜாடி, வீட்டு ரசம், நாற்பது பக்க நோட்டு: கேள்வி – பதில்

கேள்வி: பழைய பாத்திரக் கடையில் எவர்சில்வர் தூக்கு ஒன்று வாங்கினேன். மூடியில் யாரோ பேர் வெட்டியிருக்கிறார்கள். அடுத்தவர் பேர் போட்ட பாத்திரத்தை நாம் புழங்கலாமா என்று மாமியார் கேட்கிறார்.
– வாசகி, மன்னார்குடி

பதில்: தாராளமாகப் புழங்கலாம். நன்றாகத் தேய்த்து, கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் தூக்கு உங்களுடையது. பேரை மட்டும் அழிக்க வேண்டாம். வீட்டுப் பத்திரம் தாத்தா பேரில் இருக்கும், கடை போர்டு அப்பா பேரில் இருக்கும். பாட்டியின் பேர் எழுத்தில் ஏறியதெல்லாம் குடத்திலும் தாம்பாளத்திலும்தான். மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் இனிஷியல், பேர், தேதி எல்லாம் இருக்கும். கல்யாணமா, வளைகாப்பா, கிரகப்பிரவேசமா என்பதுகூடச் சில பாத்திரங்களில் தெரியும். பாத்திரக் கடையில் கொடுத்து, அந்தப் பேருக்குக் கீழே உங்கள் பேரையும் வெட்டிக்கொள்ளுங்கள். மாமியார் பேரையும் சேர்த்து வெட்டினால் கேள்வியே தீர்ந்துவிடும்.

கேள்வி: காயலான் கடையில் கனமான இரும்புத் தோசைக்கல் பார்த்தேன். முழுக்கத் துரு. வாங்கலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: துரு போகும், விரிசல் போகாது. அதனால் கல்லைக் கையில் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். சத்தம் செத்து ஒலித்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். பிறகு தரையில் வைத்து, ஆடாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் மணலும் தேங்காய் நாரும் போட்டுத் தேயுங்கள். புளிக்கரைசலைத் தடவி ஊறவிட்டு மறுபடி தேயுங்கள். துரு கரைந்து இறங்கும். வடித்த கஞ்சியில் இரண்டு மூன்று நாள் ஊறட்டும், கஞ்சியைத் தினமும் மாற்றுங்கள். பிறகு கழுவி, அடுப்பிலேயே ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெயை மெல்லத் தடவிச் சிறு தீயில் புகையும்வரை விடுங்கள். அரை வெங்காயத்தால் அழுத்தித் தேயுங்கள். இதையே நாலைந்து தடவை செய்தால் கல் கறுத்து மினுமினுக்கும். எண்ணெய் சூட்டில் இறுகிப் படலமாகப் படிவதால்தான் தோசை ஒட்டாமல் வருகிறது. அந்தப் படலத்தைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கெடுக்காதீர்கள். சப்பாத்திக்கு வேறு கல் வைத்துக்கொள்ளுங்கள். சப்பாத்தி போட்ட கல்லில் மறுநாள் தோசை மக்கர் பண்ணும்.

கேள்வி: பழைய சாமான் கடையில் பேரம் பேசுவது தவறா?
– வாசகி, ஈரோடு

பதில்: தவறில்லை, கடைக்காரரும் அதை வைத்துத்தான் விலை சொல்கிறார். பிடித்த பொருளை மட்டமென்று சொல்லி விலையைக் குறைக்காதீர்கள். பிடித்திருக்கிறது, கையில் இவ்வளவுதான் இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லுங்கள். பாதி இடங்களில் அதற்கே படிந்துவிடும்.

கேள்வி: ஈயச் சொம்பு ரசத்துக்கு ஆசை. பழையதாக ஒன்று மலிவாகக் கிடைக்கிறது.
– வாசகி, வேலூர்

பதில்: இதை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். ரசத்துக்கு ஆகிற ஈயம் வெள்ளீயம். காரீயம் விஷம். இரண்டையும் கலந்து வார்த்த சொம்பைப் பார்வையால் கண்டுபிடிக்க முடியாது. காகிதத்தில் தேய்த்துக் கறுப்புக் கோடு விழுந்தால் சந்தேகமே இல்லை, தொடாதீர்கள். கோடு விழாவிட்டாலும் அது மட்டும் போதாது. நம்பிக்கையான கடையில் சுத்த வெள்ளீயமாகப் புதியதே வாங்குங்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதனால் புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் சொம்பு அடுப்பில் ஏற வேண்டும். வெறும் சொம்பை ஏற்றினால் அடி உருகி இறங்கிவிடும். பித்தளைக்கும் ஒரு எச்சரிக்கை: உள்ளே ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது.

கேள்வி: அம்மாவின் வத்தக்குழம்பை எழுதி வைத்துக்கொள்ள ஆசை. எது கேட்டாலும் “கண் அளவுதான்” என்கிறார்.
– வாசகி, பெங்களூரு

பதில்: அம்மாவிடம் அளவு கேட்காதீர்கள், ஜாடியைக் கேளுங்கள். சமைக்கத் தொடங்குவதற்கு முன் உப்பு ஜாடி, மிளகாய்த்தூள் டப்பா, எண்ணெய்க் கிண்ணம் மூன்றையும் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் பாட்டுக்குச் சமைக்கட்டும். இறக்கியதும் மறுபடி எடை போடுங்கள். வித்தியாசம்தான் அவருடைய கண் அளவு. புளியை ஊறவைப்பதற்கு முன்பே எடை போட்டுவிடுங்கள், கரைத்த பிறகு கணக்குச் சொல்லாது. எடையோடு நிறுத்தாதீர்கள். வெந்தயம் எந்த நிறத்துக்கு வந்தபோது மணத்தக்காளி வற்றலைப் போட்டார், பச்சை வாசனை போக எத்தனை நிமிடம் ஆனது, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்போது குழம்பு எவ்வளவு வற்றியிருந்தது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். நடுவில் அவர் சொல்லும் கதையையும் விடாதீர்கள். “உங்க அப்பாவுக்கு இது நாலு நாள் இருக்கணும்” என்று சொல்லிக்கொண்டே எண்ணெயைக் கூட விடுவார். எண்ணெய் ஏன் அத்தனை என்பதற்குக் காரணம் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மறக்காமல் தராசைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய சமையல் புத்தகத்தில் ஆழாக்கு, பலம் என்றெல்லாம் போட்டிருக்கிறது. எப்படிச் சமைப்பது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: எட்டு ஆழாக்கு ஒரு படி. ஒரு பலம் ஏறக்குறைய 35 கிராம். நம் நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டம் 1956இல்தான் வந்தது. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ முதலில் அச்சானது 1951இல். அந்தக் காலத்து அடுப்படிகளில் ஆழாக்குதான் ஆட்சி செய்தது. எவர்சில்வர் ஆழாக்கு இன்றும் பாத்திரக் கடைகளில் கிடைக்கிறது. ஒன்று வாங்கிவிட்டால் மாற்றுக் கணக்கே வேண்டாம். புத்தகத்தின் ஓரத்தில் யாராவது பென்சிலால் எதையாவது எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். “புளி பாதி போதும்” என்று ஒரு வரி இருந்தால், அச்சில் உள்ளதை விட்டுவிட்டு அதன்படி செய்யுங்கள். சமைத்துப் பார்த்தவர் எழுதியது அது.

கேள்வி: மூர் மார்க்கெட் மாதிரி இன்று எங்கே போவது?
– வாசகர், தாம்பரம்

பதில்: 1900இல் சென்னையில் எழும்பிய மூர் மார்க்கெட் 1985 மே மாதத் தீயில் போனது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிற்கிறது. அதற்கு ஈடாக ஒரே இடத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. புத்தகத்துக்குத் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை. கலவையாகப் பார்க்க, புதுச்சேரி மகாத்மா காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பழம்பொருளுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்துக் கட்டிய வீடுகளில் பெண்ணுக்குச் சீராகக் குவித்த சாமான்கள், வீடு பங்கு பிரியும்போது அந்தத் தெருவுக்கு வந்தன. ஐரோப்பிய எனாமல் தூக்குகள், பீங்கான் ஜாடிகள், மர அச்சுகள் எல்லாம் இருக்கும். பெரிய தூண்களையும் கதவுகளையும் விட்டுவிடுங்கள், அவற்றின் விலை வெளிநாட்டுக்காரர்களுக்கானது. கடையின் பின்பக்கம் கூடையில் கிடக்கும் முறுக்கு உழக்கையும் கரண்டியையும் கிளறிப் பாருங்கள். என் கணக்கில் அந்தத் தெருவின் செல்வம் அந்தக் கூடைதான்.

கேள்வி: தனியாக இருக்கிறேன். ஒரு ஆளுக்கு ரசம் வைப்பது வீண் வேலையில்லையா?
– வாசகர், திருப்பூர்

பதில்: இல்லை. அந்த ஒரு ஆள் நீங்கள். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு நுரை கட்டியதும் இறக்குங்கள், கால் மணி நேர வேலை.

கேள்வி: ஒவ்வொரு வருடமும் டைரி வாங்குகிறேன். பொங்கலோடு நின்றுவிடுகிறது. என் வாழ்க்கையில் எழுதுவதற்கு அப்படி என்ன இருக்கிறது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வியாபாரத் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை, ஏறக்குறைய சாகும்வரை, நாட்குறிப்பு எழுதினார். வந்த கப்பல், இறங்கிய சரக்கு, யார் யாருக்கு என்ன மரியாதை கொடுத்தார் என்றுதான் அதில் பக்கம் பக்கமாக இருக்கிறது. பேச்சுத்தமிழ் அப்படியே வருகிறது. அன்று அது ஒரு வியாபாரியின் குறிப்பு. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் படிக்கிறவர்களால் இன்று அதைத் தாண்டிப் போக முடியாது. நீங்களும் சரக்கை எழுதுங்கள். சின்ன வெங்காயம் இன்று என்ன விலை, பால்காரர் ஏன் வரவில்லை, பிள்ளை எதைச் சாப்பிட மாட்டேன் என்றான், மதியத்துக்கு என்ன குழம்பு? மூன்று வரி போதும். தேதி அச்சடித்த டைரி வேண்டாம். விட்டுப்போன நாளின் வெள்ளைப் பக்கம்தான் உங்களைப் பயமுறுத்துகிறது. நாற்பது பக்க நோட்டு வாங்கி, எழுதுகிற அன்றைக்கு நீங்களே தேதி போடுங்கள். மனசில் இருப்பது தானாக நாலாவது வரியில் வந்துவிடும், அதற்கு நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம்.

கேள்வி: அப்பா போன பிறகு பரணில் நாலு பெட்டி. கடிதங்கள், கணக்கு நோட்டுகள், கல்யாணப் பத்திரிகைகள். எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். போர்டு எழுதும் ஓவியர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் கசக்கிப் போட்ட காகிதங்களையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். 1994இல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமானது. தமிழ் அச்சு வரலாற்றைத் தேடுகிறவர்கள் இன்று அங்கேதான் போகிறார்கள். உங்கள் அப்பாவின் கணக்கு நோட்டிலும் ஒரு குடும்பம் அரிசிக்கும் பள்ளிச் சம்பளத்துக்கும் என்ன செலவழித்தது என்பது வருடவாரியாக இருக்கும். வேறு எங்கும் அது கிடைக்காது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளை இறக்குங்கள். அம்மாவையோ அத்தையையோ பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு கடிதமும் யார் எழுதியது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அண்ணனையும் கூப்பிடுங்கள், நாலு கடிதம் படித்த பிறகு எடைக்கணக்கு பேச மாட்டார். துருப்பிடிக்கும் குண்டூசிகளையும் கிளிப்புகளையும் எடுத்துவிடுங்கள். போட்டோக்களின் பின்னால் பேரும் ஊரும் எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.