கூட்டமில்லாத வழியும் அதில் வரும் கூட்டமும்

நம்மூரில் கிளிமஞ்சாரோ என்றால் முதலில் நினைவுக்கு வருவது ‘எந்திரன்’ பாட்டு. அதைப் படமாக்கியதோ பெரு நாட்டு மாச்சு பிச்சுவில். அசல் கிளிமஞ்சாரோ தான்சானியாவில், கென்யா எல்லையோரம், 5,895 மீட்டர் உயரத்தில், யாருக்கும் ஆடிக் காட்டாமல் நிற்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில், அடிவாரத்து மோஷி ஊரில் கணக்கெழுதிக்கொண்டிருந்தபோது அதில் ஏறினேன். தலை நரைத்து, முழங்கால் வாயைத் திறக்க ஆரம்பித்த பிறகு, அண்மையில் மறுபடி ஏறினேன். இரண்டு முறையும் ஒரே பாதைதான்: வடக்கிலிருந்து ஏறும் ரொங்காய்.

அந்த மலையில் பாதைகளுக்குப் பட்டப்பெயர் உண்டு. குடிசையில் படுத்து, குளிர்பானம் வாங்கிக் குடித்துக்கொண்டே ஏறலாம் என்பதால் மராங்கு ‘கோகோகோலா பாதை’. அதைவிடக் கடினமென்று பெயரெடுத்த மச்சாமே ‘விஸ்கி பாதை’. ரொங்காய்க்கு எந்தப் பானமும் வாய்க்கவில்லை. மலையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வரை வண்டியில் குலுங்கிப் போனால்தான் ஏறவே தொடங்க முடியும். “அங்கே போய் யார் ஏறுவார்கள்?” என்று உடன் வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். இன்று பயண நிறுவனங்களின் விளம்பரத்தில் அதே வாசகம் கேள்விக்குறி இல்லாமல் வருகிறது: அங்கே யாரும் ஏறுவதில்லை, ஆகவே கட்டணம் கூடுதல். அன்றைய குறை இன்றைய சரக்கு.

பாதையைக் குறை சொல்ல முடியாது. மழையெல்லாம் தெற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிடுவதால் வடக்குச் சரிவு காய்ந்தே கிடக்கும். மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் விளையும் வயல்கள், வரிசையாக நட்ட பைன் மரங்கள், பிறகு புதர்க்காடு. திரும்பிப் பார்த்தால் கென்யச் சமவெளி. கிகெலேவா முகாம் அருகே ஆளுயரத்தைத் தாண்டிய செனேசியோ செடிகள். அதற்கும் மேலே, ஏறக்குறைய 4,300 மீட்டரில், மவென்சி சிகரத்தின் காலடியில் ஒரு குட்டை. எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. ஏறுகிறவர்கள்தான் மாறிவிட்டோம்.

அன்று மூச்சு வாங்கினால் வழிகாட்டி முகத்தைப் பார்த்து, “போலே போலே” என்பார். மெதுவாகப் போ, அவ்வளவுதான் மருத்துவம். இன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் விரலில் கருவி மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று குறித்துக்கொள்கிறார்கள். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான் என்பதால் இது வேண்டியதே. ஆனால் பக்கத்துக் கூடாரத்துக்காரர் 88 என்றதும், 84 எடுத்த எனக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை.

அன்று கழிப்பறை என்றால் நாலு பலகையும் நடுவில் ஓர் ஓட்டையும். இன்று பணம் கட்டினால் நமக்கென்று தனிக் கழிப்பறைக் கூடாரமே கூட வருகிறது. அன்று மலையில் இருக்கும்வரை கீழே உலகம் என்ன ஆனது என்றே தெரியாது. 2022-இல் 3,720 மீட்டர் உயர ஹொரொம்போ முகாமுக்கு அரசுத் தொலைத்தொடர்புக் கழகம் இணையத்தை ஏற்றிவிட்டது. அமைதி வேண்டும் என்று கூடுதலாகக் கட்டியவர்கள், முகாம் வந்ததும் கைப்பேசியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடி அலைகிறார்கள்.

இந்த அமைதியைக் கணக்குப்பிள்ளைப் புத்தியோடு எண்ணிப் பார்த்தேன். ஏறியது நானும் நண்பரும். எங்களோடு வந்தவர்கள் பத்துப் பேர்: வழிகாட்டிகள், சமையற்காரர், சுமைதூக்கிகள். கூடாரம், மேசை, நாற்காலி, அடுப்பு, மாலையில் தேநீரோடு கொறிக்கச் சோளப்பொரி, மேற்சொன்ன கழிப்பறை எல்லாம் அவர்கள் தலையிலும் முதுகிலும். நாங்கள் பாதி வழியில் மூச்சு வாங்கும்போது எங்களைத் தாண்டிப் போய், நாங்கள் சேருமுன் கூடாரம் அடித்துவிடுவார்கள். ஆள் நடமாட்டமே இல்லாத பாதை என்று நாங்கள் வியந்தது அவர்கள் முன்னால் போய்விட்டதால்தான்.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ‘இன்று’ பரவாயில்லை. அன்று கிழிந்த ரப்பர் செருப்போடு சுமை தூக்கியவர்களைப் பார்த்தேன். இன்று நுழைவாயிலில் தராசு இருக்கிறது. ஓர் ஆளுக்கு 20 கிலோதான். மோஷியில் இயங்கும் கிளிமஞ்சாரோ சுமைதூக்குவோர் உதவித் திட்டம் அவர்களுக்கு மலையுடுப்புகளை இலவசமாக இரவல் தருகிறது. எந்த நிறுவனம் ஒழுங்காகக் கூலி தருகிறது என்றும் கண்காணிக்கிறது.

விலை கொடுத்து வாங்கிய அமைதி 4,720 மீட்டரில் காலாவதியாகிறது. கிபோ குடிசையில் கோகோகோலாக்காரர்கள் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். நள்ளிரவில் எல்லோரும் ஒரே சரளைச் சரிவில், நெற்றியில் விளக்கோடு, பழநிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டம்போல ஊர்ந்தோம். கில்மன்ஸ் முனை தாண்டி உச்சிப் பலகையருகே போனால் படமெடுக்க வரிசை. அன்று எரிமலை வாயின் விளிம்பில் நடக்கையில் இடப்பக்கம் நின்ற பனிச்சுவர்கள் இன்று சுருங்கித் துண்டுகளாகிவிட்டன. 1912-க்கும் 2011-க்கும் இடையே மலையின் பனிப்பரப்பில் ஏறக்குறைய 85 விழுக்காடு போய்விட்டது. அதற்கு யாரும் வரிசையில் நிற்கவில்லை.

1889 அக்டோபர் 6 அன்று இந்த உச்சியை முதலில் தொட்டவர்களாக வரலாறு சொல்வது ஹான்ஸ் மேயரையும் லுட்விக் புர்ட்ஷெல்லரையும். மேயரின் பெயரில் ஒரு குகையும் மவென்சியில் ஒரு முகடும் இருக்கின்றன. புர்ட்ஷெல்லருக்கும் ஒரு முகடு உண்டு. உச்சிக்கு மேயர் ஜெர்மன் பேரரசர் பெயரைச் சூட்டினார். விடுதலைக்குப் பின் அது உஹுரு சிகரம் ஆனது. அவர்களுக்கு வழி காட்டியதாகச் சொல்லப்படும் உள்ளூர்க்காரர் யோஹானி லாவுவோவின் நினைவுப் பலகை இருப்பது அடிவாரத்தில், மராங்கு வாயிலில்.

போக நினைப்பவர்கள் எந்தப் பாதை அமைதியானது என்று விசாரித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கடைசி இரவு எப்படியும் கூட்டம்தான். சுமைதூக்கிக்கு நாளுக்கு என்ன கூலி, எத்தனை வேளைச் சாப்பாடு, எந்தக் கூடாரத்தில் படுக்கை என்று நிறுவனத்திடம் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு நிறுவனம் பாருங்கள். இறங்கி வந்ததும் அன்பளிப்பை அவரவர் கையிலேயே கொடுங்கள்.